நிற்கத் தெரிந்த வண்டி

எங்கள் தோட்டத்தில் ஒரு பவர் வீடர் இருக்கிறது. 7 குதிரைத்திறன் பெட்ரோல் என்ஜின், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ணுவது. வாழைக்கு ஊடே களை ஓட்டவும், கத்தரிக்கு மண்ணைப் பொலபொலப்பாக்கவும் வாங்கியது. போன ஆடியில் அது ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டது. 15 நிமிஷம் ஓடும், அணைந்துவிடும். பத்து நிமிஷம் நிழலில் உட்கார்ந்துவிட்டு வந்து கயிறு இழுத்தால் ஒரே இழுப்பில் எடுக்கும். மறுபடி 15 நிமிஷத்தில் அணையும். ஒன்பது நாள் இப்படி. அந்த ஒன்பது நாளும் அதைத் திட்டாத ஆள் எங்கள் ஊரில் இல்லை. நான் அதைப் புகழத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தோட்டத்தில் அந்த ஒன்பது நாளும் உண்மையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது அந்த என்ஜின் ஒன்றே.

முதலில் அதன் சொல் மாறாமையைப் புகழ வேண்டும். ஒரு நாள் 5 நிமிஷம், ஒரு நாள் ஒரு மணி நேரம் என்று அது நம்மைக் குழப்பவில்லை. காலையிலும் 15 நிமிஷம், வெயிலிலும் 15 நிமிஷம். கேட்கத் தெரிந்தவனுக்கு அதில் நோயின் பெயரே இருந்தது. நாங்கள் கேட்கவில்லை. மூன்று பிளக் மாற்றினோம். கழற்றிய பிளக் ஒவ்வொன்றின் நுனியும் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தது. எரிப்பில் குறை இல்லை என்பதற்கு என்ஜின் கொடுக்கும் நற்சான்றிதழ் அந்த நிறம். கருப்பாகப் புகை படிந்திருந்தால் காற்று போதவில்லை. சோக் மூடியிருக்கிறது, அல்லது ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. இவ்வளவையும் ஒரு சின்ன நுனியில் எழுதிக் கொடுக்கிறது. அந்தச் சான்றிதழைத் துணியில் துடைத்துத் தூர எறிந்துவிட்டு, புதுப் பிளக்குக்குக் கடைக்கு ஓடினோம்.

பத்தாம் நாள், டவுனில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் தம்பி ஒருவர் வந்தார். ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி.

"ஏனுங்கண்ணா, நின்ன ஒடனே டேங்க் மூடியத் தெறந்து பாத்தீங்களா?"

"இல்லீங்க தம்பி."

"அடுத்தவாட்டி தெறந்து பாருங்க. உஸ்ஸுன்னு காத்து இழுத்துதுன்னா கார்புரேட்டர் பக்கமே போக வேண்டியதில்ல."

ஓட்டினோம். 15-ஆவது நிமிஷம் அணைந்தது. மூடியைத் திருகினேன். உஸ்ஸென்று டேங்க் மூச்சு வாங்கியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒன்பது நாளாக மூச்சு முட்டிக் கிடந்த ஒன்றின் சத்தம் அது.

விஷயம் இவ்வளவுதான். இந்த மாதிரி வண்டியில் பெட்ரோல் மேலிருந்து தானாக இறங்குகிறது, பம்ப் கிடையாது. இறங்கிய அளவுக்கு டேங்குக்குள் காற்று போக வேண்டும். அதற்காக மூடியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை வைத்திருக்கிறார்கள். மாட்டுப் பொங்கலன்று வண்டியைக் குழாய்த் தண்ணீரில் பீய்ச்சிக் குளிப்பாட்டியபோது செம்மண் கரைந்து அந்தத் துளைக்குள் போய்க் காய்ந்துவிட்டது. உள்ளே காற்று வராததால் டேங்க் பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கார்புரேட்டரின் கிண்ணத்தில் இருப்பது தீர்ந்ததும் என்ஜின் அணைகிறது. சும்மா நிறுத்தி வைத்தால் ரப்பர் வாஷர் இடுக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று கசிந்து, பெட்ரோல் மறுபடி இறங்குகிறது. அதற்குத்தான் அந்தப் பத்து நிமிஷ நிழல். மூடியை மண்ணெண்ணெயில் ஊறப் போட்டு, ஊசியால் துளையைத் திறந்தோம். செலவு ஒன்றுமில்லை. மூன்று பிளக்கின் காசும், ஒன்பது நாள் ஆள் கூலியும் போனது போனதுதான்.

வண்டியை விற்றவரைப் பற்றியும் நல்லதையே சொல்வேன். பொய்யில்லாமல் சொல்வேன். மானியத்துக்குச் சிட்டா, அடங்கல், ஆதார், சிறு குறு விவசாயி சான்று என்று அத்தனை காகிதத்தையும் அவரே முன்னின்று முடித்துக் கொடுத்தார். மத்திய அரசின் வேளாண் இயந்திரமயத் திட்டத்தில் சிறு குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 50 விழுக்காடு வரையும், மற்றவர்களுக்கு 40 விழுக்காடு வரையும் மானியம் உண்டு. அதில் ஒரு ரூபாய்கூட எனக்கு விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டார். வண்டிக்கு மாலை போட்டார், எலுமிச்சம்பழம் வைத்தார், நான் கைப்பிடியைப் பிடித்தபடி நிற்பதைப் போட்டோ எடுத்தார். ஒரு காகிதத்தில் அத்தனை கவனம் வைக்கக்கூடிய மனிதர் அவர். அந்தக் கவனத்தில் பத்து நிமிஷத்தைத் தோட்டத்தில் செலவழித்து, "மூடித் துளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஆறு மாசம் நிறுத்தினால் பெட்ரோலை வடித்துவிடுங்கள்" என்று இரண்டே வரி சொல்லியிருந்தால் நான் ஒன்பது நாள் இழந்திருக்க மாட்டேன். கையேடு வண்டியோடுதான் வந்தது. நல்ல காகிதம், நல்ல படங்கள். அதில் தமிழ் ஒரு எழுத்துகூட இல்லை. கயிறு இழுக்கப் போகிற கை தமிழ்க் கை என்று தெரிந்தே விற்றது எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீடரில் சுழலும் கத்தியைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்டை இங்கே நினைத்துக்கொள்கிறேன். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸில் கில்காண்ட்ரா என்ற ஊரில், 1912-இல், தன் அப்பாவின் பண்ணையில் நின்று அதைச் சோதித்துப் பார்த்தார். முதலில் வைத்த வட்டுகள் மண்ணைப் பக்கவாட்டில் வாரி எறிந்தன. அவர் மண்ணைக் குறை சொல்லவில்லை. கத்தியை மாற்றினார். இன்று நம் வண்டிகளில் சுற்றுகிற 'எல்' வடிவக் கத்திக்கு அந்தப் பண்ணை மண் ஒரு ஆசிரியர். காப்புரிமை வாங்கியது 1920-இல். உழவுசாலில் நின்று ஒருவர் கண்ட கருவியை, உழவுசாலில் எட்டு நிமிஷம் நிற்காமலே கை மாற்றிவிட நம்மால் முடிகிறது.

மூடி சரியான பிறகு வண்டி ஒரு மணி நேரம் ஓடியது. பிறகு வேறு ஒன்று சொல்ல ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைக் குறைத்தால் அணைந்துவிடும். கூட்டி வைத்தால் உம்ம்… உம்ம்… என்று ஏறி இறங்கி ஓடும். சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் மட்டும் ஒழுங்காக ஓடும். சோக் இழுத்தால்தான் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்; ஜெட் அடைத்திருக்கிறது. இதையும் அது மறைக்கவில்லை.

கார்புரேட்டரைத் திறந்த அன்று நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, அடியில் இருக்கும் ஒற்றை போல்ட்டைத் தம்பி கழற்றினார். கிண்ணத்தில் இருந்ததை ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றினார். பெட்ரோலின் நிறம் தேயிலைத் தண்ணி மாதிரி ஆகியிருந்தது. வாசனையும் பெட்ரோல் வாசனை இல்லை, பழைய வார்னிஷ் வாசனை. தட்டைச் சாய்த்தால் பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் உருண்டது. கிண்ணத்தின் அலுமினியச் சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பித்தளை ஜெட்டைக் கழற்றி வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை அது. நல்ல ஜெட்டாக இருந்தால் நட்சத்திரம் மாதிரி ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். எங்கள் ஜெட்டில் இருட்டு. இரும்புக் கம்பியால் குத்தக் கூடாது, துளை பெரிதாகிவிடும் என்றார். பழைய ஒயரிலிருந்து தலைமயிர் மாதிரி ஒற்றைச் செம்பு இழையை உருவி, மெதுவாக உள்ளே விட்டுத் திருப்பினார். பச்சைப் பாசி மாதிரி ஒரு துணுக்கு வந்தது. அப்புறம் காற்றடித்து, மறுபடி வெயிலுக்குப் பிடித்து, என் கையில் கொடுத்தார். நட்சத்திரம் தெரிந்தது.

அந்தக் கார்புரேட்டர் எவ்வளவு நல்ல பொருள்! ஒயர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. குறுகலான வழியில் காற்று வேகமாகப் போனால் அங்கே அழுத்தம் குறையும். குறைந்த இடத்துக்குப் பெட்ரோல் தானே தெளித்துக்கொண்டு வரும். ஹங்கேரியில் பாங்கி, சோங்கா என்ற இருவர் 1893-இல் காப்புரிமை எடுத்த காலத்துக் கணக்கு அது. 130 வருஷம் ஆகியும் அந்தக் கணக்கு பிசகவில்லை. நாம் அதற்குள் ஊற்றுவதுதான் மாறியிருக்கிறது.

பெட்ரோலில் எத்தனால் கலப்பதை நான் எதிர்க்கவில்லை. கரும்புக்காரனுக்குக் காசு வருகிறது, கச்சா எண்ணெய்க்கு வெளிநாட்டுக்குப் போகும் பணம் மிஞ்சுகிறது. 20 விழுக்காடு என்ற இலக்கை முதலில் 2030-க்கு வைத்திருந்தார்கள். அதை முன்னுக்கு இழுத்து 2025-லேயே எட்டிவிட்டார்கள். நம் நாட்டில் ஒரு இலக்கு ஐந்து வருஷம் முன்னால் முடிவது அபூர்வம், பாராட்ட வேண்டியதே. அந்த வேகத்தில் காரைப் பற்றியும் பைக்கைப் பற்றியும் ஊரெல்லாம் பேச்சு நடந்தது. வரப்போரம் நிற்கும் வீடர், மருந்தடிக்கும் மெஷின், புல் வெட்டும் மெஷின் இவற்றின் பெயரை அந்தப் பேச்சில் நான் கேட்கவே இல்லை. இவ்வகைச் சிறு என்ஜின்கள் பலவற்றின் கையேட்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் எத்தனால் வேண்டாம் என்று இருக்கிறது. காரணம் இருக்கிறது. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் முழுசாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். 20 விழுக்காடு கலந்தால் அந்த அளவு 13.5 வாக்கில் இறங்குகிறது. அதாவது அதே காற்றுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமாக எரிபொருள் வர வேண்டும். புதுக் காரில் புகையில் மிஞ்சும் ஆக்ஸிஜனைப் பார்த்து பெட்ரோலைக் கூட்டிக்கொடுக்க ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கார்புரேட்டரிடம் இருப்பது ஒரே ஒரு துளை. ஏற்கனவே அளந்து துளைத்த துளை, அது கூடாது, குறையாது. அதனால் என்ஜின் கொஞ்சம் பட்டினியாகவே ஓடுகிறது, சூடு ஏறுகிறது. அதில் பாசியும் அடைத்தால் அணைந்துவிடுகிறது.

இதைவிடப் பெரிய தொல்லை ஈரம். எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஓடிக்கொண்டே இருக்கும் பைக்கில் அது தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை டேங்க் தீர்கிறது. தை மாசம் நிறுத்திய வீடரை ஆடியில் எடுக்கிறோம். பாதி டேங்க் பெட்ரோல், பாதி டேங்க் காற்று, நடுவே ஆறு மாசம். இழுத்த ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். கார்புரேட்டருக்குப் போகும் வழியும் அடியில்தான் இருக்கிறது. பெட்ரோல் பங்கில் எனக்கு ஒரு நாளும் யாரும் இதைச் சொன்னதில்லை. கேனில் வாங்கி வைக்கிறவன் விவசாயி என்று அவர்களுக்குத் தெரியும்.

புறநானூற்றில் ஔவை தொண்டைமானின் படைக்கொட்டிலைப் புகழ்ந்த கதை நம் எல்லோருக்கும் தெரியும். அவன் ஆயுதங்கள் பீலியும் மாலையுமாகப் பளபளவென்று அழகாக இருந்தன. ஔவையைத் தூதாக அனுப்பிய அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடந்தன. பளபளப்பைப் புகழ்ந்ததிலேயே பழி இருந்தது. என் வண்டிக் கொட்டகையை ஔவை பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும். சந்தனம், குங்குமம், காய்ந்த செவ்வந்தி மாலை, மேலே புதுத் தார்ப்பாய். தூசி இல்லை. அந்த அழகான வண்டிதான் ஆறு மாசமாகத் தன் வயிற்றுக்குள் அழுகிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் வாடகைக்கு ஓட்டுகிற ஒருவரின் வீடர் இருக்கிறது. பெயிண்ட் போய், கைப்பிடியில் சைக்கிள் ட்யூப் சுற்றி, வாரம் ஒரு முறை பட்டறையில் கிடக்கும். ஆனாலும் அது வருஷம் முழுக்க ஓடுகிறது. தினம் தினம் புதுப் பெட்ரோல் குடிக்கிறது, தினம் ஒரு கை அதைத் தொடுகிறது.

எல்லாவற்றையும்விட நான் மதிப்பது ஆயில் சென்சாரை. எங்கள் வண்டியில் அது இருக்கிறது. க்ராங்க் கேஸில் அரை லிட்டருக்குச் சற்று மேல் ஆயில் பிடிக்கும். அளவு குறைந்தால் உள்ளே ஒரு மிதவை இறங்கி, காயிலின் மின்சாரத்தை பாடியோடு சேர்த்துவிடும். பொறி நின்றுவிடும். எத்தனை தடவை கயிறு இழுத்தாலும் எடுக்காது. சரிவில் வண்டி சாய்ந்து ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினாலும் அப்படி அணைவதுண்டு. தன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்த மறுநொடி நின்றுவிடுகிற அறிவை அந்த இரும்புக்கு யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வண்டி இப்படித்தான் அடிக்கடி நின்றது. ரிப்பேருக்கு வந்த ஓர் ஆள் சென்சார் ஒயரைக் கத்தரித்துவிட்டு, "இனிமே நிக்காதுங்க" என்றார். சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். வண்டி நிற்கவில்லை. ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓடியது. ஆயில் சீல் கசிந்து மண்ணில் சொட்டிய நாட்களிலும் ஓடியது. முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறையும் மாற்ற வேண்டிய ஆயிலை யாரும் எட்டிப் பார்க்காத நாட்களிலும் ஓடியது. அண்ணன் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார். அவர் பெருமைப்பட்டதிலும் தப்பில்லை, அவர் கேட்டது நிற்காத வண்டியை; கிடைத்தது. இரண்டாம் மாசம் கனெக்டிங் ராடு உடைந்து க்ராங்க் கேஸைப் பிளந்துகொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. ஒயரைக் கத்தரித்த மனிதர் அதற்கு முன்னால் டிப் ஸ்டிக்கை ஒரு முறை உருவித் துடைத்துப் பார்த்திருந்தால் அந்த வண்டி இன்றும் மண்ணில் இருக்கும். இப்போது அது காயலான் கடையில் இருக்கிறது. அண்ணன் வட்டிக்கு வாங்கிய கடன் மட்டும் தோட்டத்தில் இருக்கிறது. எனக்கு அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

நிற்பதற்கு இன்னும் சில காரணங்கள் உண்டு. அவற்றிலும் என்ஜினின் நேர்மைக்குக் குறைவில்லை. சூடானதும் அணைந்து, ஆறிய பிறகே எடுக்கிறதென்றால், டேங்க் மூடியைத் திறந்தும் உஸ் வரவில்லையென்றால், உடனே பிளக்கைக் கழற்றி பாடியில் வைத்துக் கயிறு இழுத்துப் பார்க்க வேண்டும். டேங்க் மூடியை இறுக்கிவிட்டு, பெட்ரோல் சிந்தாத இடத்தில். பொறி இல்லையென்றால் காயில். சூட்டில் உள்ளே கம்பி விரிந்து தொடர்பு விட்டுப்போகிறது. இதை ஆறிய பிறகு பட்டறைக்குக் கொண்டுபோனால் நன்றாகவே ஓடும், மெக்கானிக் நம்மைத்தான் சந்தேகமாகப் பார்ப்பார். வாழைச் சருகும் நாரும் கத்தி அச்சில் சுற்றிக்கொண்டால் பளு தாங்காமல் அணையும்; என்ஜினை நிறுத்தி, பிளக் கேப்பைக் கழற்றிவிட்டுத்தான் கத்தியில் கை வைக்க வேண்டும். அடைத்த ஸ்பாஞ்ச் ஃபில்டரைச் சோப்புத் தண்ணியில் கசக்கி, நிழலில் உலர்த்தி, சொட்டு ஆயில் விட்டுப் பிழிந்து மாட்ட வேண்டும். இதற்கெல்லாம் ஆகிற நேரம் அரை மணி.

அந்த அரை மணி என்னிடமும் இருந்தது. விற்றவரைச் சொன்னேன், பங்கைச் சொன்னேன், ஒயர் கத்தரித்தவரைச் சொன்னேன். தை மாசம் தார்ப்பாயை இழுத்து மூடிய கை என்னுடையது. என் அப்பா ஏர்க்கலப்பையைக் கொட்டகையில் சாத்துவதற்கு முன் கொழுவைத் துடைத்து எண்ணெய் தடவுவார். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கலப்பைக்குச் செய்ததை என்ஜினுக்குச் செய்ய எனக்குத் தோன்றவில்லை. அது குறை சொல்லாமல் ஆறு மாசம் காத்திருந்தது.

விற்றவரிடமிருந்து போன வாரம் போனில் ஒரு செய்தி வந்தது. புது மாடல் வந்திருக்கிறதாம், பழையதைக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்களாம். என் பெயரையும் ஊரையும் தப்பில்லாமல் எழுதியிருந்தார். வேண்டாங்க என்று பதில் போட்டேன். கையேட்டைத் தமிழில் போடச் சொல்லி உங்கள் கம்பெனிக்கு எழுதுங்கள் என்றும் சேர்த்தேன். பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடு விழுந்தது.

இந்தத் தை மாசம் ஓட்டி முடித்ததும் டேங்கிலிருந்த பெட்ரோலைக் கேனில் வடித்து அன்றைக்கே பைக்கில் ஊற்றினேன். மூடித் துளையை ஊதிப் பார்த்தேன். பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு, கயிறு இழுத்து, வண்டியைக் கொட்டகை வாசலில் சும்மா ஓடவிட்டேன். கிண்ணத்தில் மிச்சமிருந்ததைக் குடித்துக்கொண்டு இரண்டு மூன்று நிமிஷம் ஓடியது. சத்தம் ஒரு முறை ஏறியது, இறங்கியது, அணைந்தது. சூடு ஆறியதும் அடி போல்ட்டைக் கழற்றிக் கிண்ணத்தை வெள்ளைத் தட்டில் கவிழ்த்தேன். ஒரு சொட்டு விழுந்தது. தெளிவாக இருந்தது.